தொடங்கும்போது நின்றுவிடும் கணிப்பொறி



கணிப்பொறியின் விசையை அழுத்துகிறோம். திரையில் வெள்ளெழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. அவை நாள்தோறும் ஓடுபவை; ஆதலின் அவற்றை எவரும் நின்று படிப்பதில்லை. ஒருநாள் அவ்வெழுத்துகள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. வழக்கமாகத் தோன்றும் முகப்புத் திரை வரவில்லை. ‘நீங்கள் அவசர நிலையில் இருக்கிறீர்கள்’ என்னும் பொருளுடைய ஆங்கில வாசகம் ஒன்றும், பராமரிப்பு வேலைக்காக ‘ரூட்’ என்னும் மூலப் பயனரின் கடவுச்சொல்லைக் கேட்கும் வரி ஒன்றும் அங்கே நிற்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் பலரும் என்றேனும் ஒருநாள் கண்டு திகைக்கும் காட்சி இது.

இக்காட்சி ஏன் தோன்றுகிறது, அது தோன்றினால் எந்த முறையில் ஆராய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பனவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பொருள் சற்று நுட்பமானது. ஆயினும் கடினமானது அன்று. படிப்படியாகச் சென்றால் பள்ளி மாணவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் ‘கோப்பு முறைமை’ என்றால் என்ன என்று காண்போம். கணிப்பொறியின் வட்டு கோடிக்கணக்கான சிறு கட்டங்களைக் கொண்ட ஒரு பெருவெளி. அக்கட்டங்களில் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டம் வரையில் ஒரு கட்டுரை இருக்கிறது, அதன் பெயர் யாது, அதைப் படிக்க உரிமையுடையவர் யார், எக்கட்டங்கள் வெறுமையாக உள்ளன என்னும் கணக்கு வேண்டும் அன்றோ? அந்தக் கணக்கு வைக்கும் ஒழுங்கே கோப்பு முறைமை. நூல் நிலையத்தில் புத்தகங்கள் இருந்தால் மட்டும் போதாது, அட்டவணையும் வேண்டும். அட்டவணை இல்லையேல் புத்தகக் குவியல் இருக்கும். நூல் நிலையம் இராது.

லினக்ஸ் தோன்றிய வரலாற்றிலேயே இக்கணக்கு முறையின் வளர்ச்சியும் அடங்கியுள்ளது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். அன்று அவர் பயன்படுத்தியது, கற்பிப்பதற்காக ஆக்கப்பட்ட மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கோப்பு முறைமை. அதில் 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டுப் பகுதியைக் கையாள இயலாது. கோப்பின் பெயரும் 14 எழுத்துகளுக்கு மேற்போகக் கூடாது. இக்குறையை நீக்க 1992-இல் ரெமி கார்டு என்பவர் ‘எக்ஸ்ட்’ என்னும் முறைமையை ஆக்கினார். அதன் வழித்தோன்றல்களாக 1993-இல் எக்ஸ்ட்-2, 2001-இல் எக்ஸ்ட்-3, 2008-இல் எக்ஸ்ட்-4 ஆகியவை வந்தன. இவையன்றி எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் முதலிய பிற முறைமைகளும் வழங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் கணக்கு முறை வேறு. எனவே பழுது நீக்கும் கருவியும் வேறு. இதனை நினைவிற் கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

இனி ‘மவுண்ட்’ என்னும் சொல். பொருத்துதல் என்பது அதன் பொருள். பழைய காலத்தில் இது கையால் செய்த வேலை. 1962-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 1311 என்னும் எண்ணுடைய வட்டு இயக்கியில், கழற்றி மாட்டத்தக்க வட்டு அடுக்கு ஒன்று இருந்தது. ஏறத்தாழ 10 பவுண்டு எடையுள்ள அதனை ஒருவர் தூக்கிவந்து பொறியின்மேல் பொருத்துவார். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டு வேறோர் அடுக்கைப் பொருத்துவார். கை வேலை மறைந்துவிட்டது, சொல் நிலைத்துவிட்டது. இன்று பொருத்துதல் என்றால், ஒரு வட்டுப் பகுதியிலுள்ள கோப்பு முறைமையை, ஏற்கெனவே உள்ள அடைவு மரத்தின் ஒரு கிளையில் ஒட்டுப்போடுதல் என்று பொருள்.

மரம் என்று சொன்னேன். லினக்ஸில் எத்தனை வட்டுகள் இருந்தாலும் அடைவு மரம் ஒன்றே. அம்மரத்தின் வேருக்குச் சாய்கோடு ஒன்றே பெயர். வீட்டுக் கோப்புகளுக்கு ஒரு வட்டுப் பகுதி, படங்களுக்கு வேறொரு வட்டு என்று எத்தனை இருப்பினும், அவையெல்லாம் இவ்வேரிலிருந்து பிரியும் கிளைகளில் வந்து பொருந்த வேண்டும். பொருந்தும் இடமாகிய அடைவு முன்னரே இருத்தல் வேண்டும். பொருந்திய பின் அவ்வடைவைத் திறந்தால், வந்து பொருந்திய வட்டின் உள்ளடக்கம் தெரியும்.

கணிப்பொறி தொடங்கும்போது நிகழ்வன யாவை? முதலில் தாய்ப்பலகையிலுள்ள நிலைச்செயலி விழித்தெழுந்து உறுப்புகளைச் சோதிக்கிறது. பின்னர் ‘கிரப்’ என்னும் தொடக்கி, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலையும், அதனுடன் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் ஒரு சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. வேர் வட்டைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய இயக்கி நிரல்கள் இம்மூட்டையில் உள்ளன. பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு போன்றது அது. ஊர் சேரும் வரையில்தான் அதன் தேவை. வேர்க் கோப்பு முறைமை பொருத்தப்பட்டதும், பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ‘சிஸ்டம்டி’ என்னும் மேலாளர் பொறுப்பேற்கிறார். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது இம்மென்பொருள். எஞ்சிய வட்டுப் பகுதிகளையெல்லாம் உரிய கிளைகளில் பொருத்துவது இம்மேலாளரின் முதற்பணிகளுள் ஒன்று.

எந்த வட்டை எங்கே பொருத்துவது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ‘ஈடிசி’ என்னும் அடைவில் ‘எஃப்எஸ்டேப்’ என்னும் ஓர் எளிய எழுத்துக் கோப்பு இருக்கிறது. அதுவே பட்டியல். அதில் ஒரு வட்டுப் பகுதிக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு ஆறு கட்டங்கள். பொருத்த வேண்டிய பகுதி எது என்பது முதற்கட்டம். எந்த அடைவில் பொருத்துவது என்பது இரண்டாவது. கோப்பு முறைமையின் வகை மூன்றாவது. பொருத்தும்போது பின்பற்ற வேண்டிய விருப்பங்கள் நான்காவது. ஐந்தாவது ‘டம்ப்’ என்னும் பழைய படியெடுப்புக் கருவிக்கு உரியது; இக்காலத்தில் பெரும்பாலும் சுழியமாகவே இருக்கும். ஆறாவது, தொடக்கத்தில் அப்பகுதியைச் சோதிக்க வேண்டுமா என்பதைக் குறிப்பது. வேர்ப் பகுதிக்கு 1, பிற பகுதிகளுக்கு 2, சோதிக்க வேண்டாதவற்றுக்குச் சுழியம்.

இப்பட்டியலை ஒரு திருமண வீட்டின் உறவினர் பட்டியலோடு ஒப்பிடலாம். பட்டியலில் எழுதப்பட்ட பெரியவர் எல்லாரும் வந்த பிறகுதான் மங்கல வினை தொடங்கும் என்பது அவ்வீட்டு வழக்கம் எனக் கொள்வோம். ஒருவர் வரவில்லை. வீட்டார் வாயிலைப் பார்த்துக் காத்திருக்கின்றனர். சிஸ்டம்டியும் அவ்வாறே காத்திருக்கும். பட்டியலில் கண்ட வட்டுக்காக இயல்பாக 90 வினாடிகள் காத்திருக்கும். அப்போது திரையில் சிவப்பு விண்மீன்கள் இங்குமங்கும் அசைய, ‘ஒரு மணித்துளியும் 30 வினாடியும்’ என்னும் எல்லை ஆங்கிலத்தில் காட்டப்படும். அதற்குள் வட்டு வராவிடில், ‘உள்ளூர்க் கோப்பு முறைமைகள் என்னும் இலக்கு நிறைவேறவில்லை’ என்று முடிவு செய்து, அவசர நிலைக்குச் சென்றுவிடும்.

ஏன் நிற்க வேண்டும், ஒரு வட்டு இல்லாவிட்டால் மற்றவற்றைக் கொண்டு தொடரலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். பட்டியலில் எழுதப்பட்ட வட்டு இன்றியமையாதது என்றே பொறி கொள்கிறது. தரவுத்தளம் வைத்திருக்கும் வட்டு வந்து பொருந்தவில்லை. அதனை அறியாமல் தரவுத்தள மென்பொருள் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். அது வெற்று அடைவைக் கண்டு, எல்லாம் புதிது என எண்ணி, வேறு கணக்கு எழுதத் தொடங்கினால் விளையும் குழப்பம் பெரிது. எனவே நிற்பது ஒரு காவல். அவசர நிலை என்பது சாவின் அறிவிப்பு அன்று. வாயில் காப்போன் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி.

இவ்வுண்மையை அறியாமையால் வரும் இழப்பு சிறிதன்று. நான் அறிந்த ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர் ஒருவர், தம் ஆய்வுத் திட்டத்தின் தரவுகளை மடிக்கணினியில் வைத்திருந்தார். வெளியே இணைக்கும் வட்டு ஒன்றையும் பட்டியலில் எழுதியிருந்தார். ஒரு நாள் அவ்வட்டை விடுதியில் விட்டுவிட்டு வந்து கணினியைத் தொடங்கினார். அவசர நிலை தோன்றியது. அருகிலிருந்த நண்பர், ‘அமைப்புக் கெட்டுவிட்டது, புதிதாக நிறுவிவிடலாம்’ என்றார். அரை மணி நேரத்தில் வட்டு முழுவதும் துடைக்கப்பட்டுப் புதிய அமைப்பு ஏறியது. ஓராண்டு உழைப்பு அதனோடு போயிற்று. அன்று அக்கணினியில் பழுதென்று எதுவுமே இருந்ததில்லை. வெளி வட்டை இணைத்து மறுபடி தொடங்கியிருந்தால், எல்லாம் இருந்தவாறே இருந்திருக்கும். ஆதலால் முதல் விதியாக இதனைக் கொள்ளுங்கள்: காரணம் தெரியும் வரையில் எதையும் அழிக்கக் கூடாது, வடிவமைப்புக் கட்டளை எதையும் தரக் கூடாது.

இனி ஆராயும் முறைக்கு வருவோம். முதற்படி, படித்தல். திரையில் ‘தோல்வி’ எனச் சிவப்பில் எழுதிய வரியைத் தேடுங்கள். எந்த அடைவு, எந்த வட்டு என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கடவுச்சொல்லைத் தந்து உள்ளே சென்றபின், ‘ஜர்னல்சிடிஎல்’ என்னும் கட்டளையை ‘-எக்ஸ்பி’ என்னும் குறிப்போடு கொடுத்தால், இத்தொடக்கத்தில் நிகழ்ந்த அனைத்தும் வரிசையாகத் தெரியும். ‘சிஸ்டம்சிடிஎல்’ என்னும் கட்டளையோடு ‘--ஃபெயில்டு’ என்று சேர்த்தால், தோற்றவை மட்டும் தெரியும். சில அமைப்புகளில் மூலப் பயனரின் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். அப்போது உள்ளே நுழைய வழி இராது. அந்நிலையில் லினக்ஸ் ஏற்றப்பட்ட விரலி வட்டு ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கி, அங்கிருந்து ஆராயலாம்.

இரண்டாம் படி, ஒப்பிடுதல். எல்எஸ்பிஎல்கே என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை ‘-எஃப்’ என்னும் குறிப்போடு தந்தால், இப்போது கணினி காணும் வட்டுகள், அவற்றின் பகுதிகள், வகைகள், அடையாள எண்கள் எல்லாம் அட்டவணையாக வரும். அதனையும் எஃப்எஸ்டேப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியலில் இருந்து அட்டவணையில் இல்லாதது எது? பெரும்பாலான வழக்குகள் இந்த ஒப்பீட்டிலேயே தீர்ந்துவிடும்.

அடையாள எண் என்றேனே, அதனை விளக்க வேண்டும். கெர்னல் வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று தான் கண்ட வரிசையில் பெயரிடுகிறது. வரிசை மாறினால் பெயரும் மாறும். நேற்று எஸ்டிபி எனப்பட்டது, இன்று ஒரு விரலி வட்டு செருகப்பட்டிருப்பதால் எஸ்டிசி ஆகலாம். வகுப்பில் இருக்கை வரிசையைக் கொண்டு மாணவரை அழைப்பது போன்றது இது. ஒருவர் இடம் மாறி அமர்ந்தால் ஆள் மாறிவிடும். எனவே கோப்பு முறைமை ஆக்கப்படும்போதே அதற்கு ‘யூயூஐடி’ என்னும் 128 பிட்டு நீளமுள்ள தனியடையாளம் எழுதப்படுகிறது. பதினாறடி எண்முறையில் அது 32 இலக்கங்களாகவும், இடையே நான்கு சிறுகோடுகளாகவும் தோன்றும். பட்டியலில் இதனை எழுதினால் வரிசை மாறினாலும் வட்டு மாறாது.

ஆயினும் இவ்வடையாளமும் ஓர் இடத்தில் மாறும். பகுதியைப் புதிதாக வடிவமைத்தால் புதிய அடையாளம் பிறக்கும். ஒரே வட்டில் இரண்டாவதாக வேறொரு லினக்ஸை நிறுவுவோர், இடமாற்று நினைவகப் பகுதியாகிய ‘ஸ்வாப்’ பகுதியை மறுபடி வடிவமைக்க இசைந்துவிடுவதுண்டு. அதன் அடையாளம் மாறுகிறது. முதல் லினக்ஸின் பட்டியலிலோ பழைய அடையாளமே இருக்கிறது. அதன் பயனாக முதல் லினக்ஸ் தொடங்கும்போதெல்லாம், இல்லாத ஒருவருக்காக 90 வினாடி காத்திருக்கும். ‘பிஎல்கேஐடி’ என்னும் கட்டளையால் புதிய அடையாளத்தை அறிந்து பட்டியலைத் திருத்தினால் தாமதம் நீங்கும்.

திருத்தும் வழி எளிது. வேர்க் கோப்பு முறைமை படிக்க மட்டும் இசையும் நிலையில் இருக்கக்கூடும்; அப்படியாயின் எழுதும் நிலைக்கு மறுபடி பொருத்துமாறு ‘மவுண்ட்’ கட்டளைக்கு ‘ரீமவுண்ட்’, ‘ஆர்டபிள்யூ’ என்னும் விருப்பங்களைக் கொடுக்க வேண்டும். பின்னர்ப் பட்டியலுக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, ஐயத்துக்குரிய வரியின் முதலில் எண்குறியாகிய ‘#’ ஒன்றை இடுங்கள். அவ்வரியைப் பொறி படிக்காமல் விட்டுவிடும். வரியை அழித்துவிடாதீர்கள், நாளை வட்டு வரும்போது அதுவே வேண்டியிருக்கும்.

எப்போதும் இணைக்கப்பட்டிராத வட்டுக்கு, நான்காவது கட்டத்தில் ‘நோஃபெயில்’ என்னும் விருப்பத்தைச் சேர்க்கலாம். ‘இவர் வராவிட்டாலும் திருமணம் நடக்கட்டும்’ என்று பட்டியலில் குறித்து வைப்பது போன்றது அது. வலையமைப்பின் வழியே வரும் வட்டாயின் ‘_நெட்டெவ்’ என்னும் விருப்பம் உண்டு. வலை இணைப்பு வந்தபின் பொருத்துக என்பது அதன் பொருள். ஆனால் நோஃபெயிலை எல்லா வரிகளிலும் எழுதிவிடுவது அறிவுடைமை ஆகாது. வெளி வட்டில் நாள்தோறும் படியெடுத்து வைக்கும் நிரல் ஒன்று இருக்கிறது எனக் கொள்வோம். வட்டு வரவில்லை, பொறியும் நிற்கவில்லை. நிரல் அந்த வெற்று அடைவிலேயே படிகளை எழுதி, வேர் வட்டை நிரப்பிவிடும். பின்னர் வெளி வட்டைப் பொருத்தினால் அப்படிகள் அதன் அடியில் மறைந்து கண்ணுக்குத் தெரியாமற் போகும். காவலனை நீக்கும்போது, அவன் எதைக் காத்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த வகைப் பிழைகள் எழுத்துப் பிழைகள். பொருந்தும் அடைவின் பெயரில் ஓரெழுத்துத் தவறினால் பட்டியல் கருதும் இடம் வேறாகிவிடும். எக்ஸ்ட்-4 என்பதற்கு மாறாக எக்ஸ்எஃப்எஸ் என்று வகையை எழுதினால், தவறான வகை, தவறான விருப்பம், பழுதான தலைமைக் கட்டம் என்னும் பல காரணங்களையும் ஒரே மூச்சில் அடுக்கும் நீண்ட ஆங்கிலச் செய்தி வரும். அச்செய்தியில் ‘பழுது’ என்னும் சொல்லைக் கண்டதும் பலர் அஞ்சிவிடுகின்றனர். அது உறுதியான தீர்ப்பு அன்று. இவற்றுள் ஏதேனும் ஒன்றாகலாம் என்னும் ஐயமே. பட்டியலில் எழுதிய வகையும், வட்டில் உண்மையாக உள்ள வகையும் ஒன்றா என்பதை முதலில் பாருங்கள். ‘டிமெசேஜ்’ என்று படிக்கப்படும் கெர்னல் செய்திகளின் இறுதி வரிகள் உண்மைக் காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

மூன்றாவது வகை, உண்மையான பழுது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் கணக்குப் பாதியில் நின்றுபோகும். இதனைத் தாங்குவதற்காகவே எக்ஸ்ட்-3, எக்ஸ்ட்-4, எக்ஸ்எஃப்எஸ் ஆகியவற்றில் ‘ஜர்னல்’ என்னும் நாட்குறிப்பு உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அதில் எழுதிவிட்டுப் பிறகு உரிய இடத்தில் செய்வது முறை. மின்சாரம் வந்ததும் நாட்குறிப்பைப் பார்த்து, முடிந்ததை ஏற்று, முடியாததை விலக்கிக் கணக்கு சீர்செய்யப்படுகிறது. எனவே சாதாரண மின்தடையால் அழிவு நேர்வது குறைவு. அதையும் மீறிக் கணக்குக் குலைந்தால் ‘எஃப்எஸ்சிகே’ என்னும் சோதனைக் கருவியை நாட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பொருத்தப்பட்டு எழுதும் நிலையிலுள்ள பகுதியின்மேல் இக்கருவியை ஒருபோதும் இயக்காதீர்கள். கணக்கர் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டை மற்றொருவர் திருத்தினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். கழற்றிய பின்னரோ, விரலி வட்டிலிருந்து தொடங்கிய பின்னரோதான் இதனைச் செய்யலாம். இரண்டாவது, எக்ஸ்ட் குடும்பத்துக்கு உரிய முறை எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குப் பொருந்தாது. அதற்கு ‘எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்’ என்னும் தனிக் கருவி உண்டு. அக்கருவிக்குப் பெரிய ‘எல்’ என்னும் குறிப்பைக் கொடுத்தால், நாட்குறிப்பையே வெறுமையாக்கிவிடும். இறுதியாக நிகழ்ந்த மாற்றங்கள் இழக்கப்படலாம். வேறு வழியே இல்லாதபோதுதான் அதனைத் தொட வேண்டும்.

எக்ஸ்ட் குடும்பத்தில் வியக்கத்தக்க ஒரு முன்னெச்சரிக்கை உண்டு. முறைமையின் அளவு, கட்டத்தின் அளவு முதலிய அடிப்படைச் செய்திகள் ‘சூப்பர்பிளாக்’ என்னும் தலைமைக் கட்டத்தில் உள்ளன. பகுதியின் தொடக்கத்திலிருந்து 1024 பைட்டு தள்ளி அது இருக்கும். அது கெட்டால் முழுவதும் கெடுமன்றோ? ஆகவே அதன் படிகள் வட்டின் பல இடங்களில் வைக்கப்படுகின்றன. கட்டத்தின் அளவு 4096 பைட்டாயின், வழக்கமாக முதற்படி 32768-ஆம் கட்டத்திலும், அடுத்தது 98304-ஆம் கட்டத்திலும் இருக்கும். ‘ஈ2எஃப்எஸ்சிகே’ என்னும் கருவிக்கு ‘-பி’ என்னும் குறிப்போடு இவ்வெண்ணைத் தந்தால், அப்படியைக் கொண்டு சீர்செய்ய முயலும். மூல ஓலை செல்லரித்தாலும் படி ஓலை காப்பது போன்றதே இது.

ஆனால் வட்டே தேய்ந்து இறக்கும் நிலையில் இருந்தால்? கெர்னல் செய்திகளில் ‘ஐ-ஓ பிழை’ என்று மீண்டும் மீண்டும் வந்தால், குறை கணக்கில் இல்லை. ஏட்டின் தாளிலேயே உள்ளது. கம்பி தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்னர் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்னும் கட்டளையால் வட்டின் உடல்நிலையை அறியுங்கள். அது மோசமாயின் பழுது நீக்கும் கருவிகளை இயக்காமல், முதலில் ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற கருவியால் வட்டு முழுவதையும் வேறொரு நல்ல வட்டுக்குப் படியெடுத்து, அப்படியின்மேல் சிகிச்சை செய்யுங்கள். இறக்கும் வட்டில் ஒவ்வொரு சோதனையும் அதன் எஞ்சிய உயிரைச் செலவிடும்.

நான்காவது வகை, ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்போர்க்கு உரியது. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்டவற்றுள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதி உண்டு. அணைத்துவிட்டோம் என்று நாம் எண்ணுகிறோம். விண்டோஸோ தன் கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்து உறங்குகிறது. அதன் என்டிஎஃப்எஸ் பகுதி முறையாக மூடப்படவில்லை. லினக்ஸ் அதனைக் கண்டு, எழுதும் நிலையில் பொருத்த மறுக்கிறது. அல்லது படிக்க மட்டும் இசைகிறது. வற்புறுத்திப் பொருத்தும் வழி இருந்தாலும் அதனை நாடாதீர்கள்; உறங்குபவரின் கணக்கில் வேறொருவர் கைவைத்ததாக முடியும். விண்டோஸுக்குச் சென்று விரைவுத் தொடக்கத்தை நீக்கி, முழுமையாக அணைத்துவிட்டு வருவதே முறை.

இதுகாறும் சொன்னவை கிளைகளைப் பற்றியவை. வேரே பொருந்தாவிட்டால் அவசர நிலைக்குக்கூட வர இயலாது. இரண்டு காட்சிகள் அப்போது தோன்றும். ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குள் எழுதிய ஒரு வரி நின்றால், சிறு மூட்டை வந்துவிட்டது. அது தேடிய வேர் கிட்டவில்லை என்று பொருள். அங்கே ‘பிஎல்கேஐடி’ கொடுத்துப் பாருங்கள். வட்டுத் தெரிந்தால், கிரப் கொடுத்த அடையாளம் தவறு, அல்லது கோப்பு முறைமைக்குச் சோதனை தேவை; தெரியாவிட்டால் இயக்கி நிரல் இல்லை, அல்லது வட்டே இணையவில்லை. மற்றொன்று, ‘கெர்னல் பேனிக்’ என்னும் செய்தி. வேரைப் பொருத்த முடியவில்லை என்று சொல்லி, அறியாத சாதனம் என்பதற்கு அருகில் இரண்டு சுழியங்கள் காட்டப்பட்டால், கெர்னல் எந்த வட்டையுமே அடையாளம் காணவில்லை. கெர்னலைப் புதுப்பிக்கும்போது சிறு மூட்டை சரியாக ஆக்கப்படாமற் போனால் இது நேரும். தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே சென்று, மூட்டையை மறுபடி ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும். பழைய கெர்னலை உடனே நீக்கிவிடாமல் வைத்திருப்பதன் பயன் இப்போது விளங்கும்.

இறுதியாக வருமுன் காத்தலைப் பற்றிச் சில சொற்கள். பட்டியலைத் திருத்தியவுடன் கணினியை மறுபடி தொடங்கிச் சோதிக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதியுங்கள். ‘ஃபைண்ட்எம்என்டி’ என்னும் கட்டளைக்கு ‘--வெரிஃபை’ என்னும் குறிப்பைத் தந்தால், பட்டியலிலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டும். ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு’ என்பதால் மேலாளருக்குப் புதிய பட்டியலை அறிவித்து, ‘மவுண்ட் -ஏ’ என்னும் கட்டளையைக் கொடுங்கள். இன்னும் பொருந்தாத வரிகளையெல்லாம் அது பொருத்திப் பார்க்கும். இங்கே தோன்றும் பிழை பகலில் வீட்டில் காணும் பிழை. தொடக்கத்தில் தோன்றும் பிழை இரவில் வழியில் காணும் பிழை. லினக்ஸ் ஏற்றிய விரலி வட்டு ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் உழைப்பின் படி ஒன்று வேறொரு வட்டில் இருக்கட்டும்.

மாணவ நண்பர்களே, முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். செய்தியைப் படியுங்கள். இருக்கும் வட்டுகளையும் எழுதிய பட்டியலையும் ஒப்பிடுங்கள். குறை பட்டியலிலா, கணக்கிலா, வட்டிலா என்று பிரித்தறியுங்கள். பட்டியலில் எனின் ஒரு வரியைத் திருத்துங்கள். கணக்கில் எனின் உரிய கருவியை, பகுதியைக் கழற்றிய நிலையில் இயக்குங்கள். வட்டில் எனின் முதலில் படியெடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, அதன் விளைவைப் பார்த்த பின் அடுத்ததற்குச் செல்லுங்கள். செய்ததைத் தாளில் குறித்து வையுங்கள். இம்முறை கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. வேதியியற் கூடத்திலும் இயந்திரச் சாலையிலும் இதுவே முறை. திரையில் எழுத்துகள் நிற்கும்போது நாம் செய்யத்தக்க முதல் வேலை, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அங்கே எழுதியிருப்பதைப் படிப்பதே ஆகும்.